கதவு, ஜன்னல் பீடிங்

நிலைச் சட்டமும் சுவர்ப்பூச்சும் சேரும் இடைவெளியை வீட்டின் உட்புறம் மறைக்கும் மெல்லிய மரச்சட்டம். தேக்கு நீண்ட காலம் உழைக்கும், கரையானை எதிர்க்கும். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கப்படும் சில்வர் ஓக்கும் பீடிங்குக்குப் பயன்படும். எடை குறைவு, ஆனால் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். அம்மலைமேல் உள்ள ஏற்காட்டின் ஈரக்காற்றில் மரம் உப்பும். அடிவாரத்துக் குப்பனூர் வெயிலில் சுருங்கும். ஆகவே, பொருத்தப்போகும் வீட்டிலேயே சில நாள் வைத்திருந்து அறுப்பதே முறை.

அளவு: கதவுக்கு மூன்று பக்கம், ஜன்னலுக்குப் பெரும்பாலும் நான்கு. பூச்சு ஒரே சீராக இராது என்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். மூலைகளை 45 பாகையில் இணைத்தால், மேல்சட்டத்தின் நீளம் உள்ளகலத்துடன் பீடிங் அகலத்தின் இரு மடங்கைக் கூட்டியது: 36 அங்குல உள்ளகலத்துக்கு 2 அங்குலப் பீடிங் எனில் 40 அங்குலம். அறுப்புச் சேதத்துக்கும் சேர்த்துக் கூடுதலாக வாங்க வேண்டும்.