உடற்பருமனுள்ள இளம்பருவத்தினரின் தேகப்பயிற்சியும் இசையும்

தேகப்பயிற்சியின்போது ஒலிக்கும் இசை, பயிற்சி செய்வோரின் தசைகளுக்குப் புதிய பலம் எதையும் ஊட்டிவிடுவதில்லை; படுகின்ற சிரமத்தை அவர்கள் உணரும் விதத்தையே அது பெரும்பாலும் மாற்றுகிறது. சாதாரண தேகக்கட்டு உள்ளோரைவிட, வயதுக்கு மிஞ்சிய எடையைச் சுமந்து திரியும் சிறுவர் சிறுமியருக்கே இம்மாற்றம் அதிகமாக உதவக்கூடியது. ஏனெனில், அவர்கள் பயிற்சியைப் பாதியில் கைவிடுவதற்குப் பெரியவர்கள் சொல்வதுபோல் சோம்பல் ஒன்றே காரணமாகாது. தொடங்கிய சில நிமிஷங்களிலேயே இரைக்கத் தொடங்கும் மூச்சும், அது பிறர் காதில் விழுகிறதே என்ற கூச்சமும் சேர்ந்தே அவர்களை உட்கார வைத்துவிடுகின்றன.

உடல் நிறைக் குறியீடு அதே வயதும் பாலும் உடையோரின் நடு அளவைவிட ஒரு திட்டவிலக்கத்துக்கு மேற்பட்டால் அதிக எடை என்றும், இரண்டுக்கு மேற்பட்டால் உடற்பருமன் என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. 2022-இல் உலகில் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் 39 கோடிக்கு மேற்பட்டோர் அதிக எடையினர். அவர்களுள் 16 கோடிப் பேர் உடற்பருமன் உடையோர்.

இசைக்கும் உடலுழைப்புக்கும் உள்ள சம்பந்தத்தை எண்களில் காட்டிய முதற் கட்டுரைகளுள் ஒன்று, அமெரிக்கரான லெனார்ட் அயர்ஸ் 1911-இல் வெளியிட்டது. நியூயார்க்கில் ஆறு நாள் இடைவிடாது நடந்த சைக்கிள் பந்தயத்தில், பாண்டு வாத்தியம் முழங்கிய நேரங்களில் மணிக்கு 19.6 மைலாக இருந்த சராசரி வேகம், வாத்தியம் ஓய்ந்த நேரங்களில் 17.9 மைலாகக் குறைந்ததை அவர் கணக்கிட்டார். வாத்தியத்தோடு ஜனங்களின் ஆரவாரமும் சேர்ந்துதானே இருந்திருக்கும் என்று வாசகர் ஐயுறுவது நியாயமே; ஆயினும், பிற்காலத்தில் சோதனைக்கூடங்களில் நடந்த ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் அதே திசையையே காட்டின. பீட்டர் டெரி முதலியோர் 2020-இல் 139 ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்தபோது, இசையால் மனநிலை தெளிவடைவதும், செயல்திறன் சிறிது உயர்வதும், சிரம உணர்வு தணிவதும் புலப்பட்டன. இருதயத் துடிப்பிலோ குறிப்பிடத்தக்க மாறுதல் ஏதும் காணப்படவில்லை.

சிரம உணர்வை அளப்பதற்கு, ஸ்வீடன் தேசத்து மனோதத்துவ அறிஞர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் பெரிதும் வழக்கில் உள்ளது. அது 6-இல் தொடங்கி 20-இல் முடிவது விசித்திரமாகத் தோன்றினாலும், ஒருவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய நாடித் துடிப்பு ஏறக்குறையக் கிடைக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் கருத்து. இசை ஒலிக்கும்போது நாடி அதே அளவில் ஓடிக்கொண்டிருக்க, பயிற்சி செய்பவர் சொல்லும் எண் மட்டும் இறங்கிவிடுவதுண்டு. கவனம் ஓர் எல்லைக்கு உட்பட்டது. செவிவழி வரும் லயம் அதில் ஒரு பங்கைக் கவர்ந்துகொள்ள, தசையிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் வரும் முறையீடுகளுக்கு இடம் சுருங்குகிறது.

ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. உழைப்பு மிகக் கடுமையாகி, பேசவும் இயலாதபடி சுவாசம் முட்டும் நிலை வந்துவிட்டால், உடலின் முறையீடு எந்தச் சங்கீதத்தையும் மீறி ஒலிக்கும். பருமனான ஒரு சிறுவன், மெலிந்த தோழனுக்கு வெறும் நடையாக இருக்கும் வேகத்திலேயே அந்த எல்லையை எட்டிவிடக்கூடும். ஆகவே, வகுப்பு முழுவதையும் ஒரே வேகத்தில் ஓடவிட்டு, ஒலிபெருக்கியில் பாட்டு வைத்துவிட்டால் போதும் என்று கருதும் ஆசிரியர், இசையின் பயன் எவருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அதைக் கிடைக்காமற் செய்துவிடுகிறார். வேகத்தை அவரவர் சுவாசத்துக்கு இணங்கக் குறைத்த பிறகே இசைக்கு வேலை.

இவ்விஷயத்தில் பருமனான இளைஞரையே நேரில் கொண்டு நடந்த ஆய்வுகள் சிலவே. பெல்ஜியத்தில், கடும் உடற்பருமனுக்குச் சிகிச்சை பெற்றுவந்த சிறார், ஓடுபொறியில் இசையின்றி ஓடியதைவிட இசையுடன் அதிக நேரம் ஓடினர் என்று 2002-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. 12 முதல் 17 வயதுவரையுள்ள 30 பேரை இரு பிரிவாக்கி, வாரம் இருமுறை ஒவ்வொரு மணி நேரமாகப் பத்து வாரம் நிலைச் சைக்கிள் மிதிக்கச் செய்தனர். ஒரு பிரிவினருக்கு மிதிப்பதோடு இணைந்த வீடியோ விளையாட்டு, மற்றவர்களுக்கு வெறும் இசை. புதுமை மிகுந்த விளையாட்டே வெல்லும் என்று எவரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் இசைப் பிரிவினரின் வருகை 92 சதவீதம், விளையாட்டுப் பிரிவினரின் வருகை 86 சதவீதம். ஒரு வேளையில் கடுமையாக மிதித்த நேரம் முன்னவர்க்கு 24.9 நிமிஷம், பின்னவர்க்கு 13.7, கடந்த தூரம் முறையே 12.5, 10.2 கிலோமீட்டர். இத்தனை இருந்தும், சுவாசத் திறனில் இரு பிரிவினருமே முன்னேறினர். இரு பிரிவினரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது உடற்கொழுப்பின் விகிதமும் இரத்தக் கொலஸ்ட்ராலும் குறைந்திருந்தன. இசையோ விளையாட்டோ இன்றி மிதித்த மூன்றாம் பிரிவு ஒன்று இல்லாமையால், இந்த நன்மையில் எவ்வளவு இசைக்கு உரியது, எவ்வளவு சைக்கிளுக்கு உரியது என்று பிரித்துக் கூற இயலாது.

இசையும் அசைவும் ஒன்றாகவே அமைந்த நடன விளையாட்டுகள் வேறொரு வகை. ஜப்பானியக் கோனாமி நிறுவனம் 1998-இல் வெளியிட்ட 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்பதில், திரையில் எழும் அம்புகளைப் பாட்டின் தாளத்துக்குத் தவறாமல் காலால் மிதிக்க வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் இதைப் பள்ளிகளிலேயே புகுத்த முற்பட்டது. அங்கே 7 முதல் 12 வயதுள்ள அதிக எடையுள்ள குழந்தைகள் 12 வாரம் ஆடியதில், இரத்தக் குழாய்களின் விரியும் தன்மையும் சுவாசத் திறனும் மேம்பட்டன. சராசரி இரத்த அழுத்தமும் சீரடைந்தது.

பயிற்சிக்கான பாட்டுகளின் தாள வேகம் நிமிஷத்துக்கு 120 முதல் 140 அடிவரை இருப்பது நலம் என்பது பொதுவான கருத்து. எனினும், விருப்பத்துக்கு மாறாகத் திணிக்கப்பட்ட பாட்டு எத்தனை துரிதமாக இருந்தும் என்ன பயன்? தேர்வை இளைஞரிடமே விடுவது நல்லது; ஒலியளவை மட்டும் அவர்களிடம் முழுவதும் விட்டுவிடலாகாது. சிறுவர்க்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் குறித்துள்ள பாதுகாப்பான எல்லை. வீதியில் நடப்போரும் ஓடுவோரும் காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் கருவியைத் தவிர்த்து, அதை மைதானத்துக்கும் வீட்டுக்கும் வைத்துக்கொள்வது உத்தமம்.