முட்டு: ஒரு சொல்லும் ஒரு சரிவும்

தமிழகத்துக் கட்டடக் களங்களில், தளம் வார்ப்பதற்குப் பலகை அடித்து முட்டுக்கொடுக்கும் வேலையைச் 'சென்ட்ரிங்' என்பர். வளைவு கட்டுவோர், கற்கள் தாமே நிற்கும் வரை அவற்றைத் தாங்குதற்கு அமைத்த மரச்சட்டத்தின் ஆங்கிலப் பெயர் அது. வளைவு போய்த் தட்டைத் தளம் வந்த பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. அடியில் நின்ற சவுக்குக் கழிகளுக்கோ 'முட்டு' என்னும் நம் சொல்லே போதுமாயிற்று.

பலகையும் முட்டும் வேலை முடிந்ததும் அகற்றப்படுவன. ஆதலின் அவற்றைத் 'தற்காலிக அமைப்பு' என்கிறோம். இச்சொல் நம்மை ஏமாற்றவல்லது. ஒரு கன மீட்டர் ஈரக் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ எடையுடையது. 15 சென்டிமீட்டர் தடிப்புள்ள தளத்தில், ஒரு சதுர மீட்டருக்கு 360 கிலோ. அஃது இறுகும் வரை அவ்வெடை முழுவதையும் முட்டுகளே சுமக்கின்றன. எனவே முட்டைத் தெரிவு செய்வோர், சுமை எவ்வளவு, அஃது எவ்வழியே தரையைச் சேரும், எப்பொழுது முட்டை அகற்றலாம் என்னும் மூன்றையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

மண்ணுக்கு முட்டுக்கொடுப்பதும் இத்தகையதே; ஆங்குச் சுமை பக்கவாட்டில் வருகின்றது. சிங்கப்பூரில் வட்டப்பாதை ரயில் சுரங்கத்திற்காக நிக்கல் நெடுஞ்சாலை அருகே மென்மையான கடற்களிமண்ணில் பள்ளம் தோண்டினர். இருபுறமும் கான்கிரீட் சுவர்கள். அவற்றிடையே அடுக்கடுக்காக எஃகு முட்டுகள். ஒன்பது அடுக்குகள் அமைந்து, பத்தாவதற்காகத் தோண்டுகையில், ஆழம் ஏறக்குறைய 30 மீட்டரை எட்டியிருந்தது. 2004 ஏப்ரல் 20 அன்று பிற்பகல் 3.30 மணியளவில் அவ்வமைப்பு சரிந்தது. நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் உடன் வீழ்ந்தது. நால்வர் மாண்டனர்.

விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை 2005இல் வெளிவந்தது. களிமண்ணின் வலிமையை மிகையாகக் கொண்ட கணக்கீட்டு முறையால் சுவர்மேல் வரும் விசை குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. முட்டு, சுவரையொட்டிய கிடைச்சட்டத்தோடு சேரும் இணைப்பும் போதிய வலிமையின்றி வடிவமைக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே கூடின. சுவர் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக அசைவதை அளவுக்கருவிகள் முன்னரே காட்டின. அன்று காலையிலேயே இணைப்புகள் நசுங்குவதைக் களத்திலிருந்தோர் கண்டனர். எச்சரிக்கை இருந்தது, வேலையை நிறுத்தும் முடிவு இல்லை.

அதன்பின் சட்டம் இறுகியது. 6 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திற்குத் தோண்டும் பணிகள் தனிக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தன. தற்காலிக முட்டமைப்பும் நிலையான கட்டடத்தைப் போன்றே கணித்துச் சரிபார்க்கப்பட வேண்டுமென்னும் நெறி வலுப்பெற்றது.

இவ்வரலாற்றில் மொழியாசிரியருக்கும் ஒரு பணியுண்டு. சிங்கப்பூரின் கட்டுமானக் களங்களில் தமிழகத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். அவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடக்கின்றது. அப்பயிற்சிக்குச் சொற்களை ஆக்கித் தருவோர், அகராதியை மட்டும் புரட்டாது களத்தில் வழங்கும் 'முட்டு', 'சாரம்', 'சென்ட்ரிங்' முதலியவற்றையும் கேட்டறிதல் நன்று. ஆணையைப் புரிந்துகொள்வதோடு, 'இணைப்பு நசுங்குகிறது' என்று அஞ்சாமல் மேலாளரிடம் சொல்லவும் தொழிலாளிக்குச் சொல் வேண்டும். அச்சொல்லைக் கேட்டு வேலையை நிறுத்துவது மேலாளரின் கடன்.