சவலோன் புகைக்கூண்டும் சுன்னாகக் கிணறுகளும்

சுவிசுக்கு வந்து நான் முதன்முதலில் வேலை செய்த உணவகம் ஏகிள் நகரில். சமையலறைப் பின்கதவைத் திறந்தால் றோன் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், மலையின் இடுப்பில், ஒரு நெட்டைப் புகைக்கூண்டு தெரியும். "ஆர் இதை மலையில கொண்டுபோய்க் கட்டினது?" என்று எனக்கு ஒரே யோசினை. கூட வேலை செய்த போர்த்துக்கேயர்தான் விளங்கப்படுத்தினார். மாரியில் மூடுபனி கீழே தேங்கும், புகையும் அதோடு ஊருக்குள் நின்றுவிடும், அதுதான் நானூறு மீற்றருக்கு மேலே ஏற்றிக் கட்டினவையாம்.

அதுதான் வூவ்றியிலுள்ள சவலோன் அனல்மின் நிலையம். ஆற்றுத் தண்ணியில் மின்சாரம் எடுக்கிற இந்த நாட்டில் எண்ணெய் எரித்த பெரிய நிலையம் இது. 1965 இல் தொடங்கியது, கிட்டத்தட்ட 300 மெகாவாற். கொலொம்பே சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் குழாய்வழி மேலே ஏறும். அந்த ஆலை கைமாறிக் கைமாறிக் கடைசியில் லிபியாவின் தாம்ஒயில் கொம்பனியிடம் போய், 2015 இல் மூடப்பட்டது. சவலோனின் முக்கிய பங்குதாரர் ஈ.ஓ.எஸ். நிறுவனம். அதன் பங்குகளோ லொசான், ஜெனீவா போன்ற நகரங்களின் மின்சார நிறுவனங்களிடம். 1999 இல் நிலையத்தை நிறுத்தினார்கள். 2009 இல் ஈ.ஓ.எஸ். இன்னொரு கொம்பனியோடு சேர்ந்து அல்பிக் ஆனது. எரிவாயு நிலையமாக மாற்றும் திட்டமும் நிறைவேறவில்லை.

அந்தப் புகைக்கூண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கட சுன்னாகம் பவர் ஹவுஸ்தான் ஞாபகம். 1958 இல் அரசாங்கத் திணைக்களம் டீசல் இயந்திரங்களோடு தொடங்கியது. 1969 இல் மின்சார சபை உருவானதும் அதன் கைக்குப் போனது. பிறகு யுத்தம், வருசக்கணக்காய் இருட்டு. 2009 அளவில் நோர்தேர்ண் பவர் என்ற தனியார் கொம்பனி அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. 2013 இல் சபையின் 24 மெகாவாற் "உத்துரு ஜனனி" பக்கத்திலேயே வந்தது.

ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் குடிதண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்தான் கிடக்கிறது. சுன்னாகம், மல்லாகம், ஏழாலைக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, அது ஆருடைய எண்ணெய் என்ற கேள்வி வந்தது. யுத்தத்தில் உடைந்த பழைய தாங்கிகளின் எண்ணெய் என்றும் வாதம் எழுந்தது. சொந்தக்காரர் பலராய் இருந்தால் இதுதான் வசதி, ஒருவர் மற்றவரைக் காட்டலாம்! 2015 இல் மல்லாகம் நீதிமன்றம் தனியார் நிலையத்தை நிறுத்தியது. 2019 ஏப்ரலில், எங்கட வருசப் பிறப்புக்குச் சில நாள் முன்னர், உயர் நீதிமன்றம் அந்தக் கொம்பனிதான் பொறுப்பென்று தீர்த்து, குடியிருப்பாளர்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்கச் சொன்னது. இங்கத்தைய கணக்கில் அது அப்போது ஒரு லட்சத்துச் சொச்சம் பிராங்காக இருந்தது.