உறையும் துறை, உறையாத துறை

நார்வேயின் பேர்கனும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஒரே கடிகார நேரத்தையும் பின்பற்றுகின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவே 13 பாகை தீர்க்கரேகை இருக்கிறது. அதனால் பிப்ரவரி இறுதியில் ஸ்டாக்ஹோமில் சூரியன் மறைந்த பிறகும் பேர்கனில் முக்கால் மணி நேரம் பொழுது நீடிக்கும். மறுநாள் விடியலில் அந்தக் கணக்கு நேராகிவிடும்: ஸ்டாக்ஹோம்காரர் வெயிலில் வேலைக்குப் போகும்போது பேர்கன்காரர் இருட்டில் குடையைத் தேடிக்கொண்டிருப்பார். இரு ஊர்களிலும் பகல் நாளொன்றுக்கு ஐந்து நிமிடம்போல வளர்கிறது. பின்குளிர்காலப் பயணிக்கு வடக்கு தரும் முதல் மகிழ்ச்சி இதுதான். இதில் இரண்டும் சமம்.

சமம் என்பது அத்தோடு முடிந்துவிட்டதாகத்தான் முதல் பார்வைக்குத் தோன்றும். பேர்கன் துறைமுகம் உறைவதில்லை. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டமும் கடலின் உப்பும் சேர்ந்து அதைத் திறந்தே வைத்திருக்கின்றன. ஸ்டாக்ஹோமைச் சூழ்ந்த நீரோ ஒரு பக்கம் மேலாரன் ஏரியின் நன்னீர், மறுபக்கம் உப்புக் குறைந்த பால்டிக். கடுங்குளிர் ஆண்டுகளில் இரண்டுமே இறுகிப்போகும். பேர்கனில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஸ்டாக்ஹோமில் அதில் கால் பங்கு. பேர்கனில் பனியைப் பார்க்க அண்ணாந்து ஊரைச் சூழ்ந்த மலைகளை நோக்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் கூரையிலிருந்து அது தலையில் விழாதபடி அண்ணாந்து நடக்க வேண்டும்.

விதிவிலக்குகளும் ஜோடியாகவே அமைந்திருக்கின்றன. உறையும் நகரத்தின் நடுவே, அரண்மனைக்கு அருகில், மேலாரன் கடலில் கலக்கும் நோர்ஸ்த்ரோம் ஓடை வேகத்தால் உறையாமல் தப்புகிறது. அன்னங்களும் வாத்துகளும் குளிர்காலம் முழுக்க அங்கே நெருக்கியடிக்கின்றன. உறையாத நகரத்தின் நடுவே, லில்லே லுங்கெகோர்ஸ்வன் என்ற எண்கோணக் குளம் கடுங்குளிர் வந்தால் மேல்மூடிக்கொள்கிறது.

குளிர்காலம் துறைமுகங்களுக்கு மூடுபருவம் என்பது பொதுவான எண்ணம். அதற்குச் சட்டச் சான்றும் உண்டு. இரு நகரங்களின் வணிகத்தையும் நெடுங்காலம் ஆட்டிவைத்த ஹன்சா கூட்டமைப்பு, நவம்பர் 11 முதல் பிப்ரவரி 22 வரை கப்பல் விடக்கூடாது என்று விதி வைத்திருந்தது. ஆனால் அந்தக் கப்பல்கள் எதை ஏற்றக் காத்திருந்தன என்று கேட்டால் படம் மாறிவிடும். இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் ஈர்த்த இடம் அதுதான்.

பேர்கனின் செல்வம் காற்றில் உலர்த்திய காட் மீன். வடக்கே லொஃபோடன் தீவுகளுக்குக் காட் மீன்கள் முட்டையிட வந்து சேர்வது ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை. பிடித்த மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி, பிப்ரவரி முதல் மரப்பந்தல்களில் தொங்கவிடுவார்கள். உப்பு சேர்ப்பதில்லை. குளிர் மிகுந்தால் தசை உறைந்து நார் கெடும். வெயில் ஏறினால் ஈ மொய்க்கும். பூச்சியத்தை ஒட்டித் தள்ளாடும் பின்குளிர்கால வெப்பநிலையும் கடற்காற்றும்தான் பக்குவம். (இந்த மீனின் பிற்காலக் கதையில் நம்மவருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது: 1980களில் வட நார்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில் ஈழத்தமிழர் பலர் வேலை பார்த்தார்கள்.)

ஸ்டாக்ஹோமின் செல்வம் இரும்பும் செம்பும். பெர்க்ஸ்லாகன் சுரங்க வட்டாரத்திலிருந்து கோடையில் அவற்றைக் கொண்டுவருவது பெரும்பாடு. காடும் சதுப்பும் வண்டியை விழுங்கிவிடும். நிலம் இறுகி ஏரி உறைந்த பிறகுதான் சறுக்குவண்டிகளுக்கு நேர்வழி பிறக்கும். உலோகம் பனியின்மேல் மேலாரன் கரைத் துறைகளை நோக்கி நகர்ந்தது. ஸ்டாக்ஹோமின் ஜார்ன்தோரியெத் சதுக்கத்தில் எடைபோடப்பட்டுக் கப்பலேறியது.

ஆக, ஒன்றில் குளிர் சமையலறை. மற்றொன்றில் குளிர் நெடுஞ்சாலை. பிப்ரவரி 22 அன்று ஹன்சாவின் தலைமை நகரான ஜெர்மனியின் லூபெக்கில் பாய் விரித்தபோது, வடக்கின் இரு மூலைகளிலும் சரக்கைக் குளிர்காலம் உருவாக்கிக்கொண்டிருந்தது. வேகம்தான் வேறு. பந்தலிலிருந்து மீன் இறங்க மே மாதம் ஆகும்; அது பேர்கன் வந்து சேரக் கோடை ஆகும். பேர்கன் வணிகர் வடக்கின் மீனவருக்குத் தானியத்தை முன்கூட்டியே கடனாகக் கொடுத்து, வராத மீனின் மேல் உரிமை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பின்குளிர்காலப் பேர்கன் கணக்கேடுகளின் நகரம்.

இரு ஊர்களிலும் அந்த வணிகரில் பலர் ஜெர்மானியர். லூபெக்கின் உறவினர், கூட்டாளிகள். ஆனால் ஒரே வகை மனிதர் இரு ஊர்களிலும் நேரெதிராக வாழ்ந்தார்கள். பேர்கனில் சுமார் 1360 முதல் 1754 வரை நீடித்த அவர்களது வணிகக் குடியிருப்பு, பிரிக்கன் கரையோரம் ஒரு தனி உலகம். ஆண்கள் மட்டும், திருமணத்துக்குத் தடை, ஊராரோடு கலப்பில்லை. ஸ்டாக்ஹோமில் அவர்கள் மணமுடித்தார்கள், வீடு கட்டினார்கள், ஆட்சியிலும் அமர்ந்தார்கள். 14ஆம் நூற்றாண்டின் நகரச் சட்டம் நகர அவையில் பாதி இடம்வரை அவர்களுக்கு அனுமதித்தது. 1471-இல் புருங்கபெரி போரில் ஸ்வீடன் தலைவர் ஸ்டென் ஸ்தூரே டேனிய மன்னனை வென்ற கையோடு அந்த ஏற்பாடு ஒழிந்தது. அதே வெற்றியின் நினைவாக ஸ்தூர்ஷிர்கான் தேவாலயத்தில் 1489-இல் நிறுவிய புனித ஜார்ஜ் சிலை, லூபெக்கின் பெர்ந்த் நோட்கே பெயரால் அறியப்படுவது. ஜெர்மானியரை அவையிலிருந்து வெளியேற்றிய நகரம், தன் வெற்றியைச் செதுக்க ஜெர்மானியப் பட்டறையைத்தான் நாடியது.

பேர்கனில் அந்தத் தனி உலகத்தைப் புரிந்துகொள்ளக் குளிர்காலம்தான் தக்க பருவம். பிரிக்கனின் மரக் கட்டடங்களுக்குள் நெருப்பு கூடாது; அடுப்பும் இல்லை, கணப்பும் இல்லை. பயிற்சி இளைஞர்கள் உறங்கியதும் கணக்கெழுதியதும் அந்தக் குளிரில்தான். பின்வரிசையில் தனியே நின்ற ஷோத்ஸ்துவ என்னும் கூடங்களில் மட்டும் கணப்புக்கு அனுமதி; குளிர்காலத்தில் சாப்பாடு, பாடம், கூட்டம், குடி எல்லாம் அங்கே. கோடையில் வருபவர் இந்த விதியைப் பலகையில் படித்துத் தலையாட்டுவார். பிப்ரவரியில் வருபவருக்குப் பலகை தேவைப்படாது. ஸ்டாக்ஹோமிலும் கணப்பின் சிக்கனம் ஒரு பழக்கத்தைப் பெற்றெடுத்தது: 1940-இல் போர்க்கால எரிபொருளை மிச்சம் பிடிக்கப் பள்ளிகளை ஒரு வாரம் மூடினார்கள். அது நிலைத்துவிட்டது, இன்று பிப்ரவரி இறுதியில் நகரமே பனிச்சறுக்கு விடுமுறையில் இருக்கிறது. கணப்பில்லாமை அங்கே தண்டனையாகவும் இங்கே கொண்டாட்டமாகவும் முடிந்திருப்பதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

நெருப்பு இரு ஊர்களையும் விடவில்லை. எரிந்த பின் எடுத்த முடிவில்தான் பிரிந்தார்கள். 1625-இல் பழைய நகரமான காம்லா ஸ்டானின் மேற்குப் பகுதி எரிந்தது; அந்த இடத்தில் நேர்கோட்டில் புதுத் தெருக்களை வகுத்துக் கல்லால் கட்டினார்கள். 1702-இல் பிரிக்கன் எரிந்தது. பழைய மனை எல்லைகளின் மேலேயே, பழைய ஒடுக்கத்தோடு, மீண்டும் மரத்தாலேயே எழுப்பினார்கள். பேர்கனில் இன்று பலகை பாவிய சந்துகளில் இரு பக்கச் சுவர்களும் சாய்ந்து ஒன்றையொன்று விசாரிக்கின்றன. ஸ்டாக்ஹோமின் தீ தொடாத பகுதியில் 90 சென்டிமீட்டருக்குக் குறுகும் மோர்ட்டன் த்ரோட்ஸிக் சந்தில் கல் நிமிர்ந்து நிற்கிறது. அந்தச் சந்தின் பெயருக்குரியவரும் விட்டன்பெர்க்கிலிருந்து வந்து இரும்பும் செம்பும் விற்றவரே.

ஒன்று மரநகரம், மற்றொன்று கல்நகரம் என்று இங்கே கோடு போட்டுவிடலாம். நானும் அப்படித்தான் போட்டிருப்பேன், கால்களுக்குக் கீழே பார்க்காதிருந்தால். காம்லா ஸ்டானின் நடுமேட்டைச் சுற்றி, ஓரங்கள் நீரில் மண்ணும் மரமும் கொட்டி நீட்டியவை. கரையோரக் கல் மாளிகைகள் பலவற்றின் அடியில் இருப்பது மரமே. நீரில் மூழ்கியிருக்கும்வரை அந்த மரத்துக்குக் கேடில்லை. காற்றுப் பட்டால் அழுகத் தொடங்கும். நிலமோ பனியுகப் பாரம் நீங்கிய பின் இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழும்பிக்கொண்டிருக்கிறது. அடிமரம் உலர, மேலே கல் சரிகிறது. பிரிக்கனுக்கும் இதே நோய். 1970களின் இறுதியில் பக்கத்தில் ஒரு ஓட்டலுக்காகத் தோண்டி நீரை வடித்தபோது நிலத்தடி நீர் இறங்கியது. மரக் கட்டடங்கள் அமிழத் தொடங்கின. மருந்தாகக் கண்டது பேர்கனின் மழையையேதான்: கூரையிலும் தெருவிலும் விழும் நீரைச் சாக்கடைக்கு விடாமல் மண்ணுக்குள் இறக்கும்படி அமைப்புகள் செய்தார்கள். 2006-07 குளிர்காலத்தில் 85 நாள் விடாமல் பெய்ததாக ஊரார் அலுத்துக்கொள்ளும் மழைதான் அந்த ஊரைத் தாங்குகிறது. மழை ஒரு தொல்லை என்ற பயணியின் தீர்ப்பை இதற்குப் பிறகு மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.

உப்பைப் பற்றிய தீர்ப்பையும்தான். ஸ்டாக்ஹோமை உறைய வைக்கும் உப்புக் குறைவுதான் வாசா கப்பலைக் காப்பாற்றியது. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அந்த நீரில் வாழாததால், 1628-இல் மூழ்கிய கப்பல் 333 ஆண்டு கழித்து 1961-இல் ஏறத்தாழ முழு உருவில் மேலே வந்தது. பேர்கன் துறைமுகத்தில் அது மூழ்கியிருந்தால் இன்று ஆணிகளும் பீரங்கிகளும் மிஞ்சியிருக்கும். மரம் நிறைந்த நகரம் கப்பலைக் காத்திருக்காது. கல் நிறைந்த நகரம் காத்தது.

பேர்கனின் பங்குக்கு அதன் ஈர மண் வேறொன்றைக் காத்தது. 1955 தீயில் பிரிக்கனின் ஒரு பகுதி அழிந்தபோது, அடியில் தோண்டிய தொல்லியலாளர் அஸ்பியோர்ன் ஹெர்த்தெய்க் குழுவினருக்கு, ரூனிக் என்னும் பண்டை வட ஐரோப்பிய எழுத்தில் 600-க்கும் மேற்பட்ட பொறிப்புகள் கிடைத்தன. பெரும்பாலும் மரக்குச்சிகளில் கீறியவை: சரக்கின் உரிமையாளர் பெயர், வியாபாரத் தகவல், வேண்டுதல், காதல், வசை, கணவனை வீட்டுக்குக் கூப்பிடும் மனைவியின் சொல் என்று தோன்றும் ஒன்று. ரூனிக் என்றால் மாண்டோர் நினைவுக்குக் கல்லில் வெட்டுவது என்றிருந்த எண்ணத்தை அவை கலைத்துப்போட்டன. ஸ்டாக்ஹோம் பழைய எண்ணத்தின் பக்கம் நிற்கிறது, தன் பாணியில்: ப்ரேஸ்த்காதான் தெருமுனையில் ஒரு ரூனிக் கல்லைச் சாதாரணக் கட்டடக் கல்லாகச் சுவரில் செருகி, வண்டி இடிக்காமல் முன்னே பழைய பீரங்கிக் குழாய் ஒன்றையும் நட்டிருக்கிறார்கள். பேர்கனில் குப்பையாகப் போட்டது பொக்கிஷமாயிற்று. ஸ்டாக்ஹோமில் நினைவுச்சின்னம் செங்கல் வேலை பார்க்கிறது.

தின்பண்டத்தில் சண்டைக்கே இடமில்லை. தவக்காலத்தை ஒட்டி இரு ஊர்களிலும் பாலேடு அடைத்த பன் விற்கிறார்கள். ஸ்டாக்ஹோமின் செம்லா பாதாம் விழுதோடு வரும். பேர்கனில் பாதாமுக்குப் பதில் பெரும்பாலும் பழப்பாகு. மாவில் மணப்பது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாயகமாகக் கொண்ட ஏலக்காய். செம்லாவுக்கே என் வாக்கு. 1771 பிப்ரவரியில் மன்னர் அடோல்ஃப் ஃபிரெட்ரிக் அதை உண்ட பெருவிருந்துக்குப் பின் இறந்தார் என்பதை மறந்துவிட்டால்.

இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க ரயில் உண்டு, ஆஸ்லோவில் மாறி. 1909-இல் திறந்த பேர்கன் பாதை ஃபின்சே நிலையத்தில் 1,222 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. மேற்கே இறங்க இறங்கப் பனி மழையாகிறது. கிழக்கிலிருந்து மேற்கே போவதையே சிபாரிசு செய்வேன். ஸ்டாக்ஹோமின் பனிமேல் சறுக்குபவர்களை முதலில் பார்த்துவிட்டால், அந்த வழுவழுப்பின் மேல் ஒருகாலத்தில் இரும்பு போனதைக் கற்பனை செய்வது எளிது; பிறகு பேர்கனின் கணப்பில்லாத மரக் கட்டடங்களுக்குள் நிற்கும்போது, வரப்போகும் மீனுக்காகக் காத்திருந்தவர்களும் அதே லூபெக்கின் ஆட்கள்தான் என்பது தானாக விளங்கும். மாலையில் முக்கால் மணி நேர வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கும். குடை மட்டும் ஸ்டாக்ஹோமிலேயே வாங்கிக்கொள்வது உத்தமம்.