காவியும் திசையனும்

1785-இல் கூலோம் தம் முறுக்குத் தராசைப் பற்றிப் பாரிசு அறிவியல் கழகத்திற்கு அறிவித்தார். மெல்லிய வெள்ளிக் கம்பியின் கீழ், மின்னேறிய இரு சிறு உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளி 36 பாகை விலகி நின்றன. கம்பியை முறுக்கி இடைவெளியை 18 பாகையாக்கியபோது மொத்த முறுக்கு 144 பாகையாயிற்று. தொலைவு பாதியாக, விசை நான்கு மடங்காயிற்று.

மூன்றாம் மின்னூட்டம் ஒன்று வந்து சேரின்? செங்குத்தாக அமைந்த 3 அலகு விசையும் 4 அலகு விசையும் கூடினால் 7 அன்று, 5. இணைகரமிட்டுக் கூட்டும் வழக்கம் முன்பே இருந்தது. ஆயினும் ஆமில்டன் வெக்டர் என்னும் பெயரை இட்டது 1840களில். கிப்சும் எவிசைடும் இன்றைய எளிய முறையை வகுத்தது 1880களில். கூலோம் அதனைக் கண்டாரல்லர்.

அச்சொல்லுக்கு இலத்தீனில் சுமப்பது என்று பொருள். இலங்கைப் பாடநூல்கள் 'காவி' என்றன. காவடியில் உள்ள அதே காவுதல். தமிழகம் 'திசையன்' என்றது. வேர்ப்பொருள் நோக்கின் நாம் காவியையே விரும்புவோம். (காவியுடையை எண்ணி மாணவர் நகைப்பதும் உண்டு.) ஆயினும் 7 என விடையெழுதிய மாணவனுக்கு, அவன் எதனை மறந்தான் என்பதைத் திசையன் என்னும் பெயரே சொல்லிவிடுகிறது.