தூக்க மருந்தும் 1688-ல் நடந்த கல்யாணமும்

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் 1688-ல் கெரிட் யான்ஸ் என்ற டச்சுக்காரர், ராட்டர்டாமிலிருந்து கப்பலில் வந்த ஓர் அநாதைப் பெண்ணை மணந்தார். இதற்கும் தூக்க மருந்துக்கும் சம்பந்தம் உண்டு!

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் 'ஹீம்' உருவாக எட்டு என்சைம்கள் வரிசையாக வேலை செய்யவேண்டும். இவர்கள் வம்சத்தில் பலருக்கு ஏழாவது என்சைம் பாதிதான் வேலை செய்தது. வெயில் பட்டால் தோல் கொப்பளிக்கும், பெரும்பாலோருக்கு அவ்வளவுதான்.

1903-க்குப் பிறகு பார்பிச்சுரேட் தூக்க மருந்துகள் சந்தைக்கு வந்தன. இவை கல்லீரலில் முதல் என்சைமை முடுக்கிவிடும். ஏழாவதால் ஈடுகொடுக்க முடியாமல் இடைப்பொருட்கள் தேங்கும். கடும் வயிற்றுவலி, பக்கவாதம், சிவந்த சிறுநீர், சிலருக்கு மரணம். வலி என்று ஆபரேஷனுக்குப் போனால் மயக்க ஊசியிலும் அதே பார்பிச்சுரேட். கொடுமை!

1950-களில் போர்ட் எலிசபெத் நகர டாக்டர் ஜெஃப்ரி டீன், நோயாளிகளின் குடும்ப மரங்களைத் துருவிக்கொண்டே போய் அந்தக் கல்யாணத்தில் வந்து நின்றார்.