புறம்போக்கு: ஒரு வசைச்சொல் பாட்டான கதை

"புறம்போக்கு" எண்டால் எங்களுக்குச் சினிமாவில் கேட்ட வசைச்சொல். ஆனால் பழைய நிலவரிக் கணக்குகளில் அது வரியில்லாப் பொதுநிலம்: ஆறு, குளம், மேய்ச்சல் தரை. ஒருத்தரும் விக்கேலாது, எல்லாருக்கும் சொந்தம்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. தண்ணி நிக்கவேண்டிய இடங்களில் கட்டடங்கள் நிண்டதும் ஒரு காரணம். 2017 ஜனவரியில் ரி.எம். கிருஷ்ணாவின் "சென்னைப் புறம்போக்குப் பாடல்" வெளிவந்தது. வரிகள் கபேர் வாசுகியுடையவை. காணொளியில் அவர் பாடுவது சபா மேடையில் அல்ல, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில். ராகங்கள் கர்நாடகம், மொழி சென்னைப் பேச்சு.

அறிக்கைகள் சொல்லாத எதையும் பாட்டுச் சொல்லேல்லை. ஒரு சொல்லை மட்டும் மீட்டுத் தந்தது. மழை ஒரேயடியாகக் கொட்டுற இந்தக் காலத்தில் தண்ணிக்கு இடம் வேணும். அந்த இடத்தின் பேரே வசையாகிவிட்டால், அதை மூடேக்க ஆர் கேட்பினம்?